சரக்கும் கடனும் ஒரே கையில் இருந்தால்

ஓர் ஊரில் மொத்த வியாபாரிகள் கூடி, 30 நாளுக்கு மேல் யாரும் தவணை தருவதில்லை என்று கட்டுப்பாடு செய்கிறார்கள். அதில் சேராத புது மண்டிக்காரர் ஒருவர் 60 நாள் தவணை தருகிறார். கட்டுப்பாடு எத்தனை நாள் நிற்கும் என்பது நாம் அறிந்ததே. நாடுகளுக்கு இடையிலும் இதுவே நடந்திருக்கிறது.

தங்கள் ஏற்றுமதியை வாங்குவோருக்கு அரசு உதவியுடன் தரும் கடனுக்கு, பணக்கார நாடுகள் 1978ல் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டன. வட்டி இதற்குக் குறையக் கூடாது, தவணை இதற்கு மேல் நீளக் கூடாது என்பது அதன் சாரம். ஜப்பானும் தென் கொரியாவும் இதில் உண்டு, சீனா இல்லை.

இன்று சோலார் பேனல் உற்பத்தியில் சீனாவே முதலிடம். சரக்கும் அங்கே, கடனும் அங்கே. 2021 செப்டம்பரில், வெளிநாடுகளில் இனிப் புதிய நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்று ஐ.நா. சபையில் சீனா அறிவித்த பிறகு, அதன் கவனம் சூரிய ஒளி, காற்று மின்சாரத்தின் பக்கம் மேலும் திரும்பியது.

அர்ஜென்டினாவின் ஹுஹூய் மாகாணத்தைப் பார்ப்போம். கவுச்சாரி என்ற இடத்தில், 4,000 மீட்டர் உயரத்தில், 300 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2020ல் இயங்கத் தொடங்கியது. செலவின் பெரும்பகுதி சீன எக்சிம் வங்கியின் கடன். கட்டியவை சீன நிறுவனங்கள். தன் பங்குக்காக மாகாணம் 2017ல் வெளிச்சந்தையில் 21 கோடி டாலர் கடன்பத்திரம் விற்றது. அதற்கு வட்டி 8.625 சதவீதம். சீன வங்கியின் வட்டி அதைவிட மிகக் குறைவு. ஆனால் சரக்கை அங்கேதான் வாங்க வேண்டும்!

பழைய கடன்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2023ல் அவர்கள் தங்கள் விதியைத் தளர்த்தி, பசுமைத் திட்டங்களுக்குத் தவணையை 22 ஆண்டு வரை நீட்டினார்கள். வெளியாரின் போட்டியும் இதற்கு ஒரு காரணம்.

இதில் நமக்குள்ள பாடங்கள்:

1. வட்டி குறைவு என்று மயங்கக் கூடாது. கடன் தருபவரிடமே சரக்கு எடுக்க வேண்டுமென்றால், விட்ட வட்டி விலையில் ஏறியிருக்கலாம். வெளியே விலை விசாரித்து, இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

2. கடனும் வரவும் ஒத்துப்போக வேண்டும். ஹுஹூய் வாங்கியது டாலர் கடன்; மின்சாரத்தின் விலையும் யூனிட்டுக்கு 6 சென்ட் என டாலரிலேயே பேசப்பட்டது. 2017ல் டாலருக்குச் சுமார் 17 பெசோ. 2020 முடிவில் 84. விலையைப் பெசோவில் பேசியிருந்தால் கதி என்ன? நம் கடையில், தவணை முடியுமுன் சரக்கு விற்றுப் பணமாகுமா என்பதே இக்கணக்கு.

3. புதியவர் வந்ததும் பழையவரிடமும் பேசிப் பார்க்கலாம். அவர் இறங்கிவரும் நேரம் அதுதான்.