உங்களுக்கு முன்னே போய்ச் சேரும் உங்கள் பேர்

"பையன் எப்படி?" மயிலாப்பூர், தி.நகர் ஆடிட்டர் அலுவலகங்களில் பல நியமனங்கள் இந்த ஒரு கேள்வியில்தான் முடிவாகின்றன. பயோடேட்டா மேஜையில் கிடக்கும். பழைய ஆபீஸில் தெரிந்த ஒருவருக்குப் போன் போகும். இரண்டு நிமிஷப் பேச்சு. நீங்கள் இன்டர்வியூவுக்குப் போய் உட்காருவதற்குள் உங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் அங்கே உட்கார்ந்துவிடும்.

அதன் பலம் சாதாரணமானதல்ல. 1950-இல் உளவியலாளர் ஹரால்டு கெல்லி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடம் புதிதாக வரும் ஆசிரியரைப் பற்றி ஒரு குறிப்பு கொடுத்தார். சிலருக்கு 'மிகவும் அன்பானவர்', மற்றவர்களுக்கு 'கொஞ்சம் ஒட்டாதவர்'. மற்ற விவரமெல்லாம் ஒன்றே. முதல் குறிப்பைப் படித்தவர்களில் 56 சதவீதம் பேர் அவருடன் விவாதித்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்களில் 32 சதவீதம் பேர்தான்.

அப்படியானால் நம் பேரை எப்படி அனுப்புவது? 1912-இல் திருவல்லிக்கேணியில் குடியிருந்த கணித மேதை ராமானுஜனைப் பாருங்கள். பட்டம் இல்லை, பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தார். அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் தந்தவர் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். கணிதத்தில் அபாரத் திறமை என்று சொன்னதோடு, கூட்டிக் கழிப்பதில் படுவேகம் என்றும் எழுதினார். கணக்குப் பிரிவுக்கு வேண்டியது அதுதானே! மார்ச் 1-ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ராமானுஜன் வேலையில் சேர்ந்தார்.

இதிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பரிந்துரைக்குப் பெரிய மனிதரைத் தேடாதீர்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்தவரைக் கேளுங்கள்.

2. எந்த வேலை, என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 'நல்ல பையன்' என்பது போதாது. 'ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தேதி தவறாமல் முடிப்பான்' என்றால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

3. குறையை நீங்களே சொல்லிவிடுங்கள். படிப்பு எஃப்.ஏ.வோடு நின்றதை ராமானுஜன் தன் விண்ணப்பத்திலேயே எழுதினார். பிறர் வாயால் போனால் அது புகாராகிவிடும்.

4. வேலையை விடும்போது ஃபைல்களை ஒழுங்காக ஒப்படையுங்கள். கடைசி வாரம்தான் நெடுநாள் நினைவில் நிற்கும்.

நல்ல பேர் கதவைத் திறக்கும். உள்ளே போன பிறகு, சொன்னது மெய்தான் என்று முதல் மாதமே காட்டுங்கள். உங்களுக்காகப் பேசியவரின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது.