இலவசக் கரைக்கு நீங்கள்தான் காவல்

ஜூலை வெயிலில் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கூட்டிப்போக சுவிஸின் ஃப்ரிபூர்க்கில் காசு கட்ட வேண்டியதில்லை. பழைய நகரத்தின் அடியில் இருக்கும் மொத்தா நீச்சல் குளம் 1923இலிருந்து ஓடுகிற நல்ல குளம்தான். ஆனால் தாத்தா, அம்மம்மா, சித்தி வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் சேர்ந்து போனால், வாசலிலேயே பேர்ஸ் மெலிந்துவிடும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நாலைந்து ஏரிகள் சும்மா கிடக்கின்றன. கட்டணக் குளத்தில் இருக்கும் உயிர்காப்பாளர் மட்டும் பெரும்பாலான இலவசக் கரைகளில் இருக்கமாட்டார். அதனால்தான் நாலாம் படி மற்றவற்றைவிட நீண்டிருக்கிறது.

1. ஆற்றை விடுங்கள், ஏரிக்குப் போங்கள்

சாரின் ஆறு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கோடையில் அதைப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர், வெள்ளைக் கூழாங்கல் திட்டு, இறைச்சி வாட்ட நல்ல இடம். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கல்திட்டைக் கண்டால் கை துறுதுறுக்கும்.

அந்த ஆறு மழையை மட்டும் நம்பி ஓடுவதில்லை. 1948இலிருந்து ரொசென்ஸ் அணை மேலே தண்ணீரைத் தேக்கிவைத்திருக்கிறது. அங்கிருந்து சுரங்கம் வழியே ஓத்ரீவ் மின் நிலையத்துக்குப் போகும் தண்ணீர், நகரத்துக்கு மேலே மறுபடி ஆற்றில் விழுகிறது. மின்சாரத் தேவை கூடினால் தண்ணீரும் கூடும். வானத்தில் ஒரு முகில் இல்லாதபோதும் ஆறு ஏறலாம். அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் நீர் குறைவு, ஆனால் அதற்கு மேலேயும் அணைதான் உட்கார்ந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் ஆய்வாளர்கள் அங்கே வேண்டுமென்றே ஒரு செயற்கை வெள்ளத்தைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். அமைதியான அந்தக் கல்படுக்கை முழுவதும் ஆறாகிவிட்டது. கல்திட்டில் இருப்பவருக்கும் கரைக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தில்தான் முதலில் தண்ணீர் ஏறும். நீங்கள் கவனிக்கும்போது திரும்பும் வழி போயிருக்கும். கரையில் நிற்கும் எச்சரிக்கைப் பலகைகள் இதைத்தான் சொல்கின்றன. பிள்ளைகளோடு சாரின் வேண்டாம். பாலத்தில் நின்று பார்த்தால் போதும்.

ஆற்றில் மீன் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடக்க, லா பிலா பழைய குப்பைக் கிடங்கிலிருந்து பி.சி.பி. என்ற நச்சு இந்த ஆற்றில் கலந்திருக்கிறது. குழம்புக்கு மீன் கடையில் வாங்குங்கள்.

போகக்கூடிய இடங்கள்:

- முர்ட்டன் ஏரி: பக்கத்து மூன்று ஏரிகளில் சின்னது, சீக்கிரம் சூடேறுவது. றெயிலில் அரை மணி நேரம். நிலையத்திலிருந்து பான்ட்ஷாவ் புல்வெளிக்கு நடந்தே போகலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் என் முதல் தேர்வு இதுதான்.
- எஸ்தாவாயே: நொய்ஷாத்தெல் ஏரியின் தென்கரை. நாணல் பக்கம் க்ராந்த் கரிசே காப்பகம், உள்ளே இறங்கக்கூடாது.
- க்ருயேர் ஏரி: புல் (Bulle) நகரத்துக்குப் பக்கத்தில் மொர்லோன் கரை. அணை ஏரி என்பதால் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். போன வருடம் ஆழமில்லாதிருந்த இடம் இந்த வருடம் அப்படி இருக்கும் என்று நம்பாதீர்கள்.
- ஷ்வார்ட்ஸே: 1,046 மீட்டர் உயரத்தில் மலை ஏரி. சுற்றி நடக்க நல்ல பாதை உண்டு. தண்ணீர் குளிர், நகரத்தில் வெயில் தாங்க முடியாத நாளுக்கு மட்டும்.

2. போக்குவரத்து

ஆறு வயதுக்குக் கீழே இலவசம். ஆறிலிருந்து பதினாறு வரை, பெற்றோருடன் போனால், வருடத்துக்கு 30 பிராங்க் ஜூனியர் அட்டை போதும். இரண்டு மூன்று பயணத்திலேயே காசு வந்துவிடும். கார் கொண்டுபோனால் கரை இலவசம், தரிப்பிடம் இலவசமில்லை.

3. பை

துவாய், தொப்பி, மாற்றுடுப்பு, தண்ணீர், கல் குத்தாத ரப்பர் சப்பாத்து. சாப்பாடு கையால் எடுத்துத் தின்கிற மாதிரி இருக்கட்டும்: றோல்ஸ், கட்லட், வடை. சோறும் மூன்று கறியும் கட்டினால் பெரியவர்கள் எல்லாரும் கோப்பைக்குள் குனிந்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் பிள்ளை ஏரிக்குள் போகும்.

4. காவல் முறை

ஒரு பிறந்தநாள் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஒருவர் அடுப்பூதுகிறார், இருவர் ஊர்க் கதை, ஒருவர் படம் எடுக்கிறார். நாலு வயதுப் பெண் இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விடுகிறாள். யாரோ பாய்ந்து தூக்கிய பிறகு வாய்த்தர்க்கம் தொடங்கும்: "நீ பாக்கிறாய் எண்டு நான் நினைச்சன்." "நான் எங்க பாத்தனான்? மாமி நிக்கிறா எண்டெல்லோ இருந்தனான்." எல்லாரும் பார்க்கிறோம் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றே கணக்கு.

ஆகவே முறை போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு காவலாள், இருபது நிமிடம். அவர் தலையில் ஒரு சிவப்புத் தொப்பி. தொப்பி போட்டவர் கையில் கைபேசியும் இல்லை, கோப்பையும் இல்லை; அவருடன் யாரும் கதைக்கவும் கூடாது. முறை மாறும்போது தொப்பியைக் கையில் கொடுத்து, பிள்ளைகளைப் பேர் சொல்லி எண்ணிக் காட்டி, மற்றவர் "சரி, நான் பாக்கிறன்" என்று வாயால் சொல்ல வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும்.

காவலாளுக்கு நீந்தத் தெரிய வேண்டும். அம்மம்மா எண்ணலாம், கூப்பிடலாம்; பாய முடியாது. நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவவும் முறையில் சேரலாம். பியர் திறந்தவர் அன்றைக்கு முறையில் இல்லை, தண்ணீரிலும் இல்லை. இதில் மச்சான் கோபிப்பார் என்று பார்க்காதீர்கள்: சுவிஸில் தண்ணீரில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள்.

சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார். உண்மையில் கத்த மூச்சு இருக்காது. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கண் வெறித்து, சத்தமே இல்லாமல் நடக்கும். "அம்மா, பாருங்கோ!" என்று கூவுகிற பிள்ளை நன்றாக இருக்கிறது. சத்தம் நின்ற பிள்ளையைத் திரும்பிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தொப்பி முறை போதாது. சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் விதி எளியது: கை நீட்டினால் எட்டும் தூரம். அப்பாவோ அம்மாவோ முழங்கால் நனைய உள்ளே நிற்க வேண்டும். கரையில் கதிரை போட்டுப் பார்ப்பது கணக்கில் வராது.

"பள்ளிக்கூடத்தில நீச்சல் பழகீட்டான்" என்பதையும் அப்படியே எடுக்காதீர்கள். இங்கே நீர்ப் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று உண்டு: ஓரத்திலிருந்து ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழவேண்டும், ஒரு நிமிடம் அதே இடத்தில் மிதக்கவேண்டும், பிறகு 50 மீட்டர் நீந்தவேண்டும். மூன்றும் ஒரே மூச்சில். ஏரிக்குப் போகுமுன் ஒருநாள் காசு கட்டிக் குளத்தில் செய்து பாருங்கள். அந்தக் காசு வீணில்லை. தேறாத பிள்ளை நெஞ்சளவுக்கு மேல் போகக்கூடாது.

காற்றடைத்த அன்னமும் டோனட்டும் விளையாட்டுச் சாமான். ஆழத்துக்கு அவற்றை விடாதீர்கள். கரைக்காற்று ஒன்று அடித்தால் பிள்ளையையும் கொண்டு போகும்.

5. இறங்குவதும் ஏறுவதும்

வெயிலில் கிடந்த உடம்போடு பாயக்கூடாது. கை, கழுத்து, நெஞ்சு என்று நனைத்துவிட்டு இறங்குங்கள். அடி தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்வது எந்த வயதிலும் கூடாது. உதடு நீலமானால் பிள்ளை என்ன கெஞ்சினாலும் வெளியே.

ஏறியவுடன் துவாயால் அழுத்தித் துடையுங்கள். குழாய் இருந்தால் குளிக்கவையுங்கள். வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் வாத்துப் பறவைகளின் ஒட்டுண்ணி இருக்கும். தோலில் புகுந்தால் சிவப்புத் தடிப்பும் கடியும். ஆபத்தில்லை, ஆனால் இரவு முழுக்கச் சொறிச்சல்.

6. நெருப்பும் குப்பையும்

வறண்ட கோடையில் மாநிலம் காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்புக்குத் தடை போடும். போகுமுன் பாருங்கள். கரியைப் புல்லில் கொட்டாதீர்கள். ஞாயிறு பாட்டுப்பெட்டி உங்கள் பாய்க்கு மட்டும் கேட்கட்டும்.

ஒரு நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம் இருக்கட்டும்: 144, ஆம்புலன்ஸ். போனவுடனேயே கரையின் பெயரைப் பலகையில் பார்த்து, வாயால் சொல்லிப் பழகுங்கள். "ஏரிப் பக்கம்" என்றால் அவர்களுக்கு வர முடியாது. திரும்பும்போது கடைசிப் பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தியதில் ஏறுங்கள். ஈரப் பையும் தூங்கி விழும் பிள்ளையுமாக நிற்கையில் கடைசிப் பஸ் நிரம்பி வந்தால், மிச்சம் பிடித்த காசெல்லாம் டாக்சிக்குப் போய்விடும்.