ஓய்வுநாள் யாருக்குரியது?

அன்புள்ள தம்பிக்கு,

வாகரைப் பகுதியின் கதிரவெளிக் கரையில் இல்மனைட் மணல் அகழ்வதை எதிர்த்து ஊரார் கூடியபோது, தமது வார ஓய்வுநாளில் அங்கே பதாகை பிடித்து நின்ற அறைப் பணியாளர் ஒருவரின் படம் முகநூலில் வந்துவிட்டதென்றும், அதைக் கண்ட முதலாளி ஆளை நிறுத்திவிடும்படி பணித்தாரென்றும், பாசிக்குடா விடுதியில் ஆளணிப் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே இத்தகைய தர்மசங்கடம் நேர்ந்ததென்றும் எழுதியிருந்தீர்.

நிறுத்தாதேயும். சம்பளம் கொடுப்பவருக்கு உரியது வேலைநேரமும் அந்நேரத்து விசுவாசமுமே அன்றி, வாகரையிற் பிறந்த ஒருவர் தம் ஊர்க் கடற்கரையைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயம் அன்று.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை வழங்கும் பேச்சுச் சுதந்திரம் அரசாங்கத்தின் கையைக் கட்டுமே தவிர, தனியார் முதலாளியின் கையைக் கட்டாது. (அந்த அரசாங்கமே 2022 செப்டெம்பரில், சமூக வலைத்தளங்களிற் கருத்துரைக்கும் அரச ஊழியர் தாபனக் கோவையின்படி ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாவரென்று சுற்றறிக்கை விடுத்ததை நோக்கினால், அந்த முடிச்சும் அவ்வளவு இறுக்கமானதன்று.) ஆயினும், உங்களுடையதைப் போலப் பதினைந்து பேருக்குக் குறையாதோர் வேலைசெய்யும் இடத்தில் ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், அதன்பின் இரண்டாம் வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்திற் கொடுக்கவேண்டுமென்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. அக்கடிதத்தை இன்றிரவே எழுதிப் பாரும். விடுமுறையன்று ஊர்க் கூட்டத்தில் நின்றார் என்பதற்குமேல் ஒரு வரியும் ஓடாவிடில், தொழில் நியாயசபையில் அது வாசிக்கப்படும்போது உங்கள் சட்டத்தரணியே தலைகுனிவார்.

வெளியே செய்வதெல்லாம் வெளியோடு போயிற்று என்று நான் சொல்லவில்லை. விருந்தினர் அறைத் திறப்புகளைக் கையில் வைத்திருப்பவர் வேறோரிடத்திற் களவுக்குத் தண்டனை பெற்றாலோ, உடன் வேலைசெய்யும் பெண்ணை வீதியிற் பின்தொடர்ந்து இம்சித்தாலோ, அது வேலையையே தொட்டுவிடுகிறது. முறைப்படி விசாரித்து நீக்குவது நியாயமே.

இன்னொன்று. கொழும்பில் வேலை போனவர் அடுத்த தெருவிற் கேட்கலாம். வாகரையிலோ, ஒன்று பனிச்சங்கேணிக் களப்பில் வலை வீசவேண்டும், அல்லது கட்டாருக்கு விமானம் ஏறவேண்டும். நின்ற குற்றத்துக்கு இவ்வளவு தண்டனையா?

முதலாளியிடம் இதையெல்லாம் பணிவாக, ஆனால் நேரிலே சொல்லும். அவர் பிடிவாதமாக மறுத்தால், காரணக் கடிதத்தை அவரே எழுதி, அவரே ஒப்பமிடட்டும். உமது பெயர் அதிலே வரவேண்டாம்.