எண்ணெய் ஏன் நீரின் மேல் நிற்கிறது?

திரவங்களின் அடர்த்தியைச் சிறுவர்களுக்கு விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வெல்லம், தேங்காயெண்ணெய், நீர், ஒரு கண்ணாடித் தம்ளர் ஆகியவை போதும். மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளிலுள்ள தமிழ் மாணவர்கள் இவற்றைத் தம் வீட்டுச் சமையலறையிலேயே பெறலாம்.

ஒரு பொருளின் குறிப்பிட்ட கன அளவில் அடங்கியுள்ள நிறையே அதன் அடர்த்தியைக் காட்டும். 1 கன சென்டிமீட்டர் நீரின் நிறை ஏறத்தாழ 1 கிராம். அதே கன அளவுள்ள தேங்காயெண்ணெயின் நிறை ஏறத்தாழ 0.92 கிராம், கெட்டியான வெல்லப்பாகின் நிறை ஏறத்தாழ 1.3 கிராம்.

முதற் பரிசோதனை: ஆறிய வெல்லப்பாகை இரண்டு விரல் உயரத்திற்குத் தம்ளரில் ஊற்றுக. ஒரு சொட்டு நீல மை கலந்த நீரைக் கரண்டியின் புறத்தின் வழியாக மெல்ல வழியவிடுக. பின்னர் எண்ணெயை அவ்வாறே ஊற்றுக. மூன்று அடுக்குகள் தெளிவாகத் தோன்றும். குளிர்காலத்தில் எண்ணெய் உறைந்திருப்பின், புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து உருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் பரிசோதனை: வேறொரு தம்ளரில் எண்ணெயை முதலில் ஊற்றி, அதன்மேல் நீரை ஊற்றுக. ஊற்றுமுன், எது மேலே நிற்கும் என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். முதலில் ஊற்றியது அடியிலேயே தங்கும் எனப் பலர் கூறக்கூடும். ஆனால் நீர் எண்ணெயை ஊடுருவி அடியில் சேர, எண்ணெய் மேலெழும். ஊற்றும் வரிசையன்று, அடர்த்தியே இடத்தை நிர்ணயிக்கிறது.

கடலிலும் இதே விதிதான். 2010 ஆகஸ்டு 7 அன்று மும்பைத் துறைமுகத்தருகே 'எம்.எஸ்.சி. சித்ரா' என்ற சரக்குக் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதியது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் கடல்நீரின்மேல் மிதந்து சென்று, கரையோர அலையாத்திக் காடுகளில் படிந்தது.

வீட்டிலோ இவ்வறிவு உயிரையே காக்க வல்லது. வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. நீர் அடியில் இறங்கி, கொதிக்கும் எண்ணெயின் வெப்பத்தால் நொடியில் ஆவியாகும். ஆவியின் கன அளவு நீரைப்போல் 1,600 மடங்கு பெருகுவதால், எரியும் எண்ணெய் நாற்புறமும் சிதறும். தாராவியைப்போல் வீடுகள் நெருங்கியுள்ள இடங்களில் அத்தீ அடுத்த வீட்டையும் பற்றக்கூடும். பெரியவர்கள் அடுப்பை அணைத்து, உலோகத் தட்டால் வாணலியை மூடி, அது முற்றும் ஆறும்வரை திறவாதிருக்க வேண்டும். வாணலியைத் தூக்கிச் செல்லவும் கூடாது. சிறுவர்கள் உடனே விலகிச் சென்று பெரியவர்களை அழைக்க வேண்டும்.

இதனை விளக்க வகுப்பில் தீ மூட்ட வேண்டுவதில்லை. இரண்டாவது தம்ளரைச் சுட்டிக்காட்டி, "இந்த எண்ணெய் எரிந்துகொண்டிருந்தால், ஊற்றிய நீர் எங்கே போயிருக்கும்?" என்று ஆசிரியர் வினவினாலே போதும். விடையை மாணவர்களே கூறுவர், வீட்டிலுள்ளோர்க்கும் எடுத்துரைப்பர்.