பெரிய பைக் வாங்கப்போகும் மருமக்களுக்கு

என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் லண்டனில், இளையவள் ஸ்ருட்கார்ட்டில். இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் பெரிய பைக் ஆசை வந்திருக்கிறது. அவன் பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். என்கிறான், அவள் ஹொண்டா அஃப்ரிக்கா ட்வின் என்கிறாள். "மாமா, எது திறம்?" என்று ஆளுக்கொரு பக்கமாக வட்ஸ்அப்பில் பிடுங்குகிறார்கள்.

ஜெர்மனியில் ஒரு கராச்சில் பதினெட்டு வருடம் இந்த இரண்டு குடும்பத்துப் பைக்குகளையும் கழற்றிப் பூட்டியவன் நான். இப்போது மன்னார் தீவில், பேசாலையில் இருக்கிறேன். கையில் இருப்பது ஒரு பழைய எம்.டி. 90. ஐரோப்பாவில் வாங்கும் பைக்குக்கு மன்னாரில் இருந்து என்ன புத்தி என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பைக்குகளின் விளம்பரப் படங்களைப் பாருங்கள்: மணல், உப்புக் காற்று, ஆளில்லாத றோட்டு, தூரத்தில் ஒரு கடல். அவ்வளவும் என் படலைக்கு வெளியே கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

1. குதிரைவலுவைக் கடைசியாகப் பாருங்கள். ஜி.எஸ். 1254 சிசி, 136 குதிரை. ட்வின் 1084 சிசி, 102 குதிரை. இந்த 34 குதிரை வித்தியாசத்தை வைத்து நீங்கள் இருவரும் ஒரு கிழமை சண்டை பிடித்தீர்கள். இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. அதிவேகப் பாதையில் ஏறவே விடமாட்டார்கள். 1980இல் வந்த முதல் ஆர் 80 ஜி/எஸ்ஸுக்கு 50 குதிரைதான். எழுத்தாளர் டெட் சைமன் 1973இல் புறப்பட்டு நாலு வருடம் உலகம் சுற்றியது 500 சிசி டிரையம்பில். ஸ்ருட்கார்ட்டில் இருப்பவளுக்கு ஓட்டோபானில் பெட்டி கட்டிக்கொண்டு 130இல் போக வேண்டி வரும், அங்கே ஜி.எஸ்ஸின் மிச்சக் குதிரை சுகம் தரும். மற்றவனுக்கு அதுவும் இல்லை.

2. கடைக்குள் ஏறி இருந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். கடையின் தரை மட்டமானது, வழுக்காதது, பைக்கில் பெற்றோலும் நிறைய இருக்காது. இரண்டின் சீற்றும் 850 மில்லிமீற்றர் உயரம், ஏற்றினால் 870. மருமகளே, உன் உயரம் எனக்குத் தெரியும். ஜி.எஸ்ஸை 800 மில்லிமீற்றர் வரைக்கும் தாழ்த்தி, கொம்பனியிலேயே அப்படிச் செய்த ஸ்பிறிங்கோடு எடுக்கலாம். ட்வினுக்குத் தாழ்ந்த சீற் உண்டு, ஆனால் அவ்வளவு தூரம் இறங்காது. சரளைக் கல் சரிவொன்றில் முன்சில்லு பள்ளத்தைப் பார்த்து நிற்க, மேலே இருந்தபடி காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உங்கள் பைக் எது என்று அந்த இரண்டு நிமிடம் சொல்லும்.

3. பிறகு அதைப் படுக்கப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் விடமாட்டார். மண் றோட்டில் ஓட்டப் பழக்கும் பள்ளிகளில் அடிபட்ட பைக்குகளை இதற்கென்றே வைத்திருப்பார்கள், காசு கட்டிப் போங்கள். ஜி.எஸ். 249 கிலோ. சாதாரண ட்வின் 226. குறைந்த எடையைத் தூக்குவது சுகம் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். பிழை. ஜி.எஸ்ஸின் இரண்டு சிலிண்டரும் இரு பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்பதால் விழுந்தாலும் அது முழுதாகப் படுக்காது, பாதிச் சரிவிலேயே தங்கிவிடும். ட்வின் இன்னும் கீழே போகும். தூக்கும்போது பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள், ஒரு கையால் கான்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்துக்கொண்டு காலை நிமிர்த்திப் பின்னுக்கு நடவுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் ஸ்ராண்டை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கின வேகத்தில் மற்றப் பக்கம் சரியும்.

4. மணல். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும்.

தலைமன்னார் பழைய இறங்குதுறைக்குக் கிட்ட, 1914இல் இருந்து தனுஷ்கோடிக் கப்பல் வந்துபோன கரையில், ஒருநாள் பின்னேரம் நான் விழுந்தேன். கொழும்பில் இருந்து வந்த ஒருவர் தன் பெரிய பைக்கை ஓடிப் பார்க்கத் தந்தார். எந்தப் பைக் என்று சொல்லமாட்டேன், பிழை முழுக்க என்னுடையது. பழக்கதோஷத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன். முன்சில்லு தோண்டிக்கொண்டு இறங்கியது, நான் கான்டிலுக்கு மேலால் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வலையை விட்டுவிட்டு வந்து, வள்ளம் தூக்குகிற மாதிரி நாலு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். அதில் ஒருவர், "அண்ணை, இதுக்கு எத்தினை குதிரை?" என்று கேட்டார். நூறுக்கு மேல் என்றேன். "என்ர போட்டுக்கு இருபத்தைஞ்சு. நடுக்கடலில இருந்து வீட்டை வந்து சேரும். இது கரையிலயே கிடக்குது," என்றார்.

முன்சில்லின் கதை இதுதான். சாதாரண ட்வினுக்கு 21 அங்குலம், ஒடுக்கமானது. மணலிலும் குழியிலும் ஏறி உருளும். ஜி.எஸ்ஸுக்கு 19 அங்குலம்; தார் றோட்டில் வளைவுக்குச் சொன்னபடி திரும்பும், மணலில் கொஞ்சம் தள்ளாடும். அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் என்று விற்கும் ட்வினுக்கு 2024இல் இருந்து அவர்களும் 19 அங்குலம் போட்டுவிட்டார்கள். பெயரில் ஆபிரிக்கா, சில்லில் ஓட்டோபான். வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் மணலுக்குப் போவதில்லை என்று ஹொண்டாக்காரருக்கும் தெரியும். ஆகவே ட்வின் எடுக்கிறவர் பழைய அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸா புதியதா என்று பார்த்து வாங்குங்கள், படம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மணலில் இறங்கமுன் காற்றைக் குறையுங்கள். தார் றோட்டில் இரண்டரை பார் இருக்கும் ரயரை ஒன்றரைக்கு இறக்கினால் அடி அகன்று மிதக்கும். திரும்ப அடிக்கச் சின்னப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். எழும்பி நில்லுங்கள், பாரத்தைப் பின்னுக்குக் கொடுங்கள், சில்லைப் பாராமல் தூரத்தைப் பாருங்கள், பயம் வரும்போது திறொட்டிலைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பழக எனக்கு மூன்று வருடம் எடுத்தது. காலை ஊன்றி உந்த வேண்டி வந்தால் ஜி.எஸ்ஸில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு சிலிண்டரில் போய் அடிபடும், கவனம். இன்னொன்று: ஒரு சாண் பலகைத் துண்டில் துளை போட்டுக் கயிறு கட்டி வைத்திருங்கள். ஸ்ராண்டுக்குக் கீழே அதைப் போட்டால்தான் பைக் நிற்கும். கயிறு எதற்கென்றால், புறப்படும்போது பைக்கில் இருந்தபடியே இழுத்து எடுக்க.

5. செயினா, சாஃப்டா? நீங்கள் குதிரையைப் பற்றிப் பிடித்த சண்டையை இதைப் பற்றிப் பிடித்திருக்க வேண்டும். ட்வினுக்குச் செயின். ஜி.எஸ்ஸுக்கு மூடிய குழாய்க்குள் சாஃப்ட். எங்கள் கரையில் ஒரு நாள் ஓடிவிட்டு வந்து செயினைத் தொட்டால் விரலில் கறுப்புப் பசை ஒட்டும், உரசிப் பார்த்தால் நெறுநெறுக்கும். ஒயிலில் மணல் பிடித்தபின் அது செயின் இல்லை, அரம். பல்லுச் சில்லைத் தின்றுகொண்டே இருக்கும். சாஃப்டுக்கு இந்த வேலை ஒன்றும் இல்லை. கணக்குக்குக் கியர் ஒயில் மாற்றினால் சரி.

அப்படியென்றால் மன்னாருக்குச் சாஃப்ட்தானே என்பீர்கள். நானும் கனகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் செயின் புறுபுறுக்கும். தொய்யும், சத்தம் போடும், போகப்போகிறேன் என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லும். சாஃப்ட் வாய் திறக்காது. ஒருநாள் சீல் கசிந்து பின்சில்லில் ஒயில் தெரியும்போதுதான் உள்ளே என்ன நடந்தது என்று தெரியவரும். மன்னார் பஸாரில் சி.டி. 100க்கும் பல்சருக்கும் செயின் தொங்குகிறது; ட்வினுடையதைக் கொழும்பில் சொல்லி எடுக்க வேண்டும். ஆனால் வந்து சேர்ந்தால் இங்குள்ள பெடியன் ஒருவன் பூட்டித் தருவான். சாஃப்டை அவனிடம் கொடுத்தால் கும்பிட்டுத் திருப்பித் தந்துவிடுவான்.

இரண்டிலும் குறை இருக்கிறது. எந்தக் குறையோடு உங்களால் குடித்தனம் நடத்த முடியும் என்றுதான் பார்க்க வேண்டும்.

6. பெற்றோல். ஜி.எஸ். 95 ஒக்டேன் கேட்கும். ட்வினுக்கு 91 போதும். இலங்கையில் 92 எந்தச் செட்டிலும் அடிக்கலாம், 95 எல்லா இடத்திலும் கிடையாது. லண்டனில் இது பேச்சே இல்லை, ஆனால் மருமகனே, நீ மொரோக்கோவுக்குப் போகிறேன் என்கிறாயே, அங்கே மலைக்குள் யோசிக்க வேண்டி வரும். தாங்கி ஜி.எஸ்ஸில் 20 லீற்றர், அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் ட்வினில் 24.8.

யுத்தத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் பைக் ஓடியவர்கள் நாங்கள். கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகையோடு அது வீடு வரும். இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின் அந்த அநியாயத்தைப் பொறுக்காது. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். உங்கள் பைக்குகளில் அது மன்னாரில் இருந்து தலைமன்னார் போய் வரக் காணும், அதற்குமேல் அதிகம் இல்லை.

7. காற்று. தள்ளாடியில் இருந்து தீவுக்கு வரும் தாம்போதியில் சோளகக் காலத்தில் ஒருதரம் ஓடினால் பெட்டி ஆசை போய்விடும். வைகாசியில் தொடங்கி ஆவணி தாண்டும் மட்டும் தென்மேற்கில் இருந்து விடாமல் அடிக்கும். 103.5 மெகாவாற் எடுக்க எங்கள் தென்கரையைத் தேடி வந்து 30 காற்றாடிகளை நட்டது சும்மாவா? இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் ஒன்று, முன்னால் உயர்ந்த கண்ணாடி என்றால் பைக் ஒரு பாய்மரம். காற்றுக்குச் சாய்ந்து ஓடிக்கொண்டிருப்பீர்கள், எதிரே ஒரு பஸ் வந்து ஒரு விநாடி காற்றை மறைக்கும், சாய்ந்த பக்கமே போய்விடுவீர்கள். கான்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். துணிப் பை எடுங்கள். மணலில் விழும்போது அலுமினியப் பெட்டிக்குக் கீழே கால் அகப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

8. ரியூப் உள்ளதா, இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ். ரியூப் இல்லாதது. 1000 சிசி ட்வின் எல்லாம் ரியூப்; அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸில் 2020இல்தான் ரியூப் போனது. உடைமரத்து முள் ஏறினால் ரியூப் இல்லாததற்கு றோட்டோரத்தில் ஐந்து நிமிடத்தில் நீங்களே திரி வைத்து அடைக்கலாம்.

9. இங்கே வந்து ஓடுவதென்றால் இரண்டையும் கொண்டுவர வேண்டாம். கார்நெட், சுங்கம் என்று விடுமுறை முடிந்துவிடும். உங்கள் வெளிநாட்டு லைசென்ஸுக்கு உள்ளூர் அனுமதி எடுத்துக்கொண்டு நீர்கொழும்பில் ஒரு 250 சிசி ட்ரெயில் பைக்கை வாடகைக்குப் பிடியுங்கள். நடிகர்கள் இவான் மக்கிரெகரும் சார்லி பூர்மனும் 2004இல் லண்டனில் இருந்து நியூயோர்க்குக்குப் போனது பெரிய ஜி.எஸ்ஸில்தான். மங்கோலியாவில் அவர்களுடைய கமெராக்காரரின் பைக் உடைந்துபோக, அவர் சின்ன ரஷ்யப் பைக் ஒன்றை வாங்கி ஓடினார். அந்தப் பயணத்தின் படத்தை இன்னொருதரம் பாருங்கள், சேற்றில் யார் கூடக் கஷ்டப்படுகிறார்கள் என்று.

மதவாச்சியால் வராதீர்கள், அது நேரான றோட்டு, நித்திரை வரும். யாழ்ப்பாணம் போய், சங்குப்பிட்டிப் பாலம் ஏறி, பூநகரியால் ஏ32இல் கடலோரமாக இறங்குங்கள். இரவில் தீவுக்குள் ஓட வேண்டாம். சூடு ஆறாத தார் றோட்டில் கழுதைகள் படுத்திருக்கும், எழும்பாது. வங்காலைப் பக்கம் பூநாரை நிற்கும் வெளியில் சில்லு வைக்கவே கூடாது. சரணாலயம் என்பது ஒன்று. மற்றது, மேலே வெடித்துக் காய்ந்து தெரியும் மண்ணுக்குக் கீழே கறுப்புச் சேறு.

10. இனி நீங்கள் கேட்டது. மருமகனே, சின்ன வயதில் சைக்கிள் செயினைப் பழைய பல்லுத் தூரிகையால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினவன் நீதான். தனியாக மொரோக்கோ போகப் போகிறவனும் நீதான். நீ ட்வினை எடு, 21 அங்குலச் சில்லோடு. மருமகளே, நீ தினம் வேலைக்கு ஓடுகிறாய், சனி ஞாயிறில் இரண்டு பேராக மலைக்குப் போகிறாய், உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கராச் இருக்கிறது, செயினுக்கு ஒயில் போட உனக்குப் பொறுமை இல்லை. தாழ்த்திய ஜி.எஸ். உனக்கு. ஆசைப்பட்டதை இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லுங்கள்.

11. கடலோரம் ஓடிய அன்று இரவே கழுவ வேண்டும், காலையில் இல்லை. போல்ட் தலை, ஸ்போக் முனை, ரேடியேற்றரின் அடி, பிரேக் பிஸ்டன். பிரஷர் பம்பைச் சில்லின் நடுவில் பிடிக்காதீர்கள், பெயரிங்குக்குள் தண்ணி போகும். எங்கள் தீவில் பல கிணறு உவர். உப்பைக் கழுவுகிறேன் என்று உப்பையே ஊற்றி ஒரு பைக்கைத் துருப்பிடிக்க வைத்தவன் சொல்கிறேன்: வாளியில் அள்ளினதும் முதலில் நாக்கில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். என் வீட்டில் முன்கிணறு உவர், பின்கிணறு நல்ல தண்ணி.