திம்பம் ஏறப்போகும் கண்ணுக்கு

கோபிசெட்டிபாளையம்
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

தாளவாடிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய், போக வர ஒரு பழைய ஸ்ப்ளெண்டரும் வாங்கிவிட்டாய் என்று உன் அப்பன் போனில் சொன்னான். இரண்டும் நல்ல சேதி. 2017 மாடல், கார்புரேட்டர் வண்டி என்றான். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெட்ரோலைச் சென்சார் பார்த்து அளந்து விடுகிறார்கள். வழியில் நின்றுபோனால் நம் கையால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உன் வண்டிக்கு ஒரு பிளக் ஸ்பேனரும் பொறுமையும் போதும், பாதிக் கோளாறை நீயே கண்டுபிடித்துவிடலாம்.

வாரக் கடைசியில் மலை இறங்கி வீட்டுக்கு வருவாய், திங்கட்கிழமை விடிந்ததும் ஏறுவாய். பண்ணாரி கோயிலைத் தாண்டினால் திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. அந்தக் காடு முழுக்கப் புலிகள் காப்பகம், இரவுப் போக்குவரத்துக்குத் தடை உள்ள சாலை. ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரியை யானை மறிப்பதை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். ஊருக்குள் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடலாம். அங்கே நின்றால் நீயும் வண்டியும் மட்டும்தான்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். வேலை நிமித்தம் பதினொரு வருடம் அந்த மலை ஏறி இறங்கியவன் நான். ஒருநாள் கிளட்ச் பிடி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். பிடிக்குள் உட்காரும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் கேபிளின் இரண்டு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள், உன் பெரியம்மா பின்னால் உட்கார்ந்திருக்க, மடியில் கைக்குழந்தையாக உன் அக்கா இருக்க, இறக்கத்தில் ஒரு வளைவில் கேபிள் பட்டென்று அறுந்தது. பிடி சும்மா ஆடியது. கியரை மாற்ற முடியாமல் வண்டி குலுங்கி நின்றது. பொழுது சாய்கிற நேரம். மூங்கில் முறிகிற சத்தம் பக்கத்திலேயே கேட்டது. அரை மணி நேரம் கழித்து ஒரு லாரிக்காரர் நிறுத்தி அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். பெரியம்மா அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. வண்டி நாலு நாள் முன்னாலேயே சொல்லியிருந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை.

கேபிள் அறுந்தாலும் வண்டியை ஓட்ட வழி உண்டு, அதையும் தெரிந்துகொள். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து காலால் உந்தி உருளவிடு. கொஞ்சம் வேகம் பிடித்ததும் முதல் கியரை அழுத்து. ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பும். அதற்குமேல் கியர் போட ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டு, அதே நொடியில் மிதிக்க வேண்டும். நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் பழகிப் பார். அதைவிட நல்ல யோசனை, புதுக் கேபிள் ஒன்றை வாங்கிப் பழைய கேபிளின் கூடவே ஓட்டிக் கட்டி வைப்பது. அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும்.

இனிக் காலையில் இரண்டு நிமிடம். டயரை முதலில் பார். காற்றை டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓடிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு என்பதை வண்டியோடு வரும் புத்தகத்தில் பார்த்துக்கொள். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு அதில் தனி அளவு போட்டிருக்கும், அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. டயரின் பக்கச் சுவரில் டி.டபிள்யு.ஐ. என்றோ சிறு முக்கோணமாகவோ ஒரு குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் திம்பம் இறங்குகிறவன் அதுவரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஆயிலை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். இஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணை, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்து, கொஞ்சம் பொறுத்துக் குச்சியைக் கழற்றித் துடை. மறுபடி விடும்போது திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். டப்பாவில் 10டபிள்யு30 என்பதோடு ஜாசோ எம்.ஏ. என்றும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கார் ஆயில் விலை குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதே. நம் வண்டியில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் முங்கி ஓடுகிறது. காருக்கென்று வழுக்கல் மருந்து கலந்த ஆயிலை ஊற்றினால் பிளேட் பிடிக்காமல் வழுக்கும். இஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. கிளட்ச் பிடியின் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தளர்வு இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

செயினைப் பற்றி ஒரு விஷயத்தை ஆணையாகவே சொல்கிறேன். இஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்காதே, ஆயிலும் விடாதே. சக்கரம் தானாகச் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று செய்வார்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட் பல்லுக்குள் போய்விடும். இரண்டு விரல் இல்லாத ஒரு மெக்கானிக்கிடம்தான் நான் தொழிலே பார்த்துக் கற்றேன். இஞ்சினை அணைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி, மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் வைத்துத் துடைத்து, கியர் ஆயில் விட்டால் போதும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதே, சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பார். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொய்வும் இருந்தால் செயின் செட்டையே மாற்றும் நேரம் வந்துவிட்டது. இறுக்கும்போது இரண்டு பக்கக் கோடும் ஒரே அளவில் நிற்கட்டும். இல்லாவிட்டால் பின்சக்கரம் கோணலாக ஓடும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஏதாவது உரசிக் கழன்று விழுந்துவிடும்.

பிரேக் ட்ரம்மின் மேல் ஒரு அம்பு இருக்கும். பிரேக்கை முழுக்க மிதிக்கும்போது அந்த அம்பு குறியைத் தொட்டால் ஷூ தீர்ந்தது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வராதே. விடாமல் மிதித்தால் ட்ரம் சூடாகிப் பிடிப்பு போய்விடும், ஏழெட்டு வளைவு கழித்துத்தான் அது உனக்கே தெரியும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர். பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைப் பிசைகிறது. நீ அதை ஒருநாளும் செய்யாதே.

வண்டி கிளம்பவில்லை என்றால் பதறி உதைத்துக்கொண்டே இருக்காதே. முதலில் பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்று பார். ஓடிக்கொண்டிருந்த வண்டி இருமி இருமி நின்று, கால் மணி நேரம் கழித்துக் கிளம்பி, மறுபடி நின்றால், டேங்க் மூடியைத் திற. உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. காற்று போகாமல் பெட்ரோல் இறங்காது. துவாரத்தைச் சுத்தம் செய்தால் முடிந்தது. இந்த ஒரு கோளாறுக்காகக் கார்புரேட்டரைப் பிரித்துப் பணம் வாங்கினவர்கள் உண்டு.

அடுத்தது பிளக். இஞ்சின் ஆறிய பிறகு கழற்று. முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்ல உடம்பு. உலர்ந்த கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பார். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் மேலேறுகிறது, அது மெக்கானிக் வேலை. துடைத்து மூடியில் செருகி, அதன் இரும்பு உடம்பை இஞ்சினின் மேல் சாய்த்து வைத்து உதைத்தால் நீலப் பொறி தெறிக்க வேண்டும். பிளக் துளைக்கு நேராகப் பிடிக்காதே, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி வெளியே வரும். மறுபடி மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று விரலாலேயே திருகு. ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய செலவு. மழையில் நனைந்து நின்ற வண்டிக்குப் பெரும்பாலும் பிளக் மூடியைக் கழற்றி உதறித் துடைத்தாலே உயிர் வந்துவிடும்.

டூல் பெட்டியில் ஒரு புதுப் பிளக், செயின் லாக், ஃபியூஸ், சின்ன டார்ச் போட்டு வை. வேறெதுவும் வேண்டாம்.

பழைய வண்டி என்பதால் ஒன்று கேட்கிறேன். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3517 என்றிருந்தால் 2017ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்த டயர். வண்டியை விற்றவர் டயர் புதுசு என்றாராமே. அந்த எண்ணை முன்னுக்கும் பின்னுக்கும் குறித்து எனக்குப் போனில் சொல். பழசாக இருந்தால் நீ வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே வந்துவிடு, சனிக்கிழமை நாம் இருவரும் சத்தியமங்கலம் போய்ப் புது டயர் வாங்கிக்கொள்ளலாம். பணத்தைப் பற்றி யோசிக்காதே, பெரியம்மா எடுத்து வைத்துவிட்டாள். உனக்கு ஒரு கிளட்ச் கேபிளும் நேற்றே வாங்கி வந்துவிட்டாள்.

அன்புடன்,
உன் பெரியப்பா