உடைந்த முட்டை உரைத்த உண்மை

வல்லூறின் நிழல் கண்டு நடுங்காத சிறு பறவை இல்லை. அத்தகைய வல்லூறே தன் முட்டையைக் காக்க இயலாது தவித்த காலம் ஒன்று உண்டு. அதன் காரணத்தை அறிஞர் கண்ட வகையை இங்குக் காண்போம்.

வல்லூறின் கூடு பாழாவது புதிதன்று. பிரிட்டனின் காடுகளில் வாழும் ஸ்பாரோஹாக் என்னும் இனத்தில் பெட்டை ஏறத்தாழ ஐந்து முட்டையிட்டு ஒரு மாதத்திற்கு மேல் அடைகாக்கும். அந்நாள்களில் இரை கொணர்வது சேவலின் கடமை. இரை குறைந்தால் பெட்டை பசி தாளாது கூட்டைவிட்டு நீங்கும். முட்டை குளிர்ந்து கெடும். மழையாலும் பிற விலங்குகளாலும் கூடு அழிவதுண்டு. இவை இயற்கையின் இழப்புகள். இவற்றைத் தாங்கியே அவ்வினம் வாழ்ந்து வந்தது.

1950களில் டெரக் ராட்கிளிஃப் என்னும் ஆங்கில ஆய்வாளர் புதியதொரு கேட்டைக் கண்டார். பெரிகிரின் என்னும் பெரிய வல்லூறு பாறை விளிம்பில் இட்ட முட்டைகள், அடைகாக்கும்போதே நொறுங்கிக் கிடந்தன. ஓடு மெலிந்துவிட்டதோ என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. மெலிந்தது என்று கூற வேண்டுமாயின் முன்னைய ஓட்டின் கனம் தெரிய வேண்டுமன்றோ? அதற்கு எங்கே போவது?

பொழுதுபோக்கிற்காகக் கூடுகளைச் சூறையாடிச் சிலர் சேர்த்துவைத்த பழைய முட்டைகள் துணைநின்றன. உள்ளீடு அகற்றிய ஓடுகளை ராட்கிளிஃப் நிறுத்தார், நீள அகலங்களை அளந்தார், ஆண்டுவாரியாக ஒப்பிட்டார். முடிவு 1967-இல் வெளிவந்தது. 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பெரிகிரின் முட்டையோடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தது! ஸ்பாரோஹாக் முட்டையும் அவ்வாறே மெலிந்திருந்தது.

அக்காலத்தில்தான் டி.டி.டி. வயல்களில் பரவலாயிற்று. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்ட பால் மூலருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவை அடக்க உதவிய மருந்துதான் அது. ஆயினும் அது சிதைந்து டி.டி.ஈ. ஆகிக் கொழுப்பில் தங்குகிறது. பூச்சியிலிருந்து குருவிக்கும், குருவியிலிருந்து வல்லூறுக்கும் சென்று படிப்படியாகச் செறிகிறது. முட்டைக்கு ஓடு அமைக்கும் உறுப்பில் சுண்ணச்சத்து சேர்வதைத் தடுக்கிறது. மெல்லிய ஓடு தாயின் எடையைத் தாங்குமா? அடைகாக்கும் தாயே முட்டையை உடைப்பவள் ஆனாள்.

கூண்டில் வளர்த்த கெஸ்ட்ரல் பறவைகளுக்கு டி.டி.ஈ. கலந்த உணவளித்தபோதும் ஓடு மெலிந்தது. இது 1970-இல் வெளியாயிற்று. டீல்டிரின் என்னும் மற்றொரு நஞ்சோ வளர்ந்த பறவைகளையே கொன்றது. அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யை வேளாண்மையிலிருந்து விலக்கியது. வல்லூறுகள் மெல்ல மீண்டன. 1999-இல் அந்நாட்டின் அழிநிலைப் பட்டியலிலிருந்து பெரிகிரின் நீக்கப்பெற்றது.

முட்டை திருடுவதை நாம் போற்றவில்லை. பெரும்பாலான பறவைகளைப் பொறுத்தவரை பிரிட்டன் அதனை 1954-இலேயே சட்டத்தால் தடுத்தது. ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. நாளும் இடமும் குறிக்கப்பெறாத முட்டை வெறும் ஓடு, குறிக்கப்பெற்றது சான்று. ஆய்வுக்கூடத்தில் நாள் எழுதச் சோம்பும் நமக்கு இஃதொரு பாடமன்றோ?